புரட்டிப் பார்ப்பவரும் வாசகரே

வார இதழ் கைக்கு வந்ததும் கதை, கட்டுரை பக்கம் போகாமல் முதலில் படங்களைப் பார்ப்பவரை நம் இலக்கிய உலகம் இளக்காரமாகவே பார்த்து வந்திருக்கிறது. இன்று அவருக்காகவே பேச வந்திருக்கிறேன். அவரை ஈர்க்க இதழ்கள் இலவச இணைப்பும் தந்தன, ஷாம்பு பாக்கெட்டும் தந்தன, கார்ட்டூனும் தந்தன. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து விற்பனைத் தந்திரம் என்று தள்ளுவது பெரும் அநியாயம். ஷாம்பு பாக்கெட் எந்த இதழோடு வந்தாலும் ஒன்றுதான். கார்ட்டூனோ அந்த இதழின் கருத்து, அதன் துணிச்சல்.

பாரதியார் ஆசிரியப் பொறுப்பேற்ற 'இந்தியா' 1906-இலேயே அரசியல் கருத்துப்படங்களை வெளியிட்டது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் சிலரே இருந்த காலம் அது. தலையங்கத்தைப் படிக்க முடியாதவருக்கும் அந்நிய ஆட்சியின் கொடுமையைப் படம் உணர்த்தியது. பின்னால் 'ஆனந்த விகட'னில் ஓவியர் மாலி, சங்கீத வித்வான்களைச் சில கோடுகளில் பிடித்துக் காட்டினார். கோபுலு ஒரு வார்த்தைகூட இல்லாத நகைச்சுவைப் படங்களால் ஒரு குடும்பத்தின் குணத்தையே சொல்லிவிட்டார். 1987-இல் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். அரசியல்வாதிகளைக் கேலி செய்த ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் அவரை விடுவித்தார்கள். இலவச இணைப்புக்காக எந்த ஆட்சியாவது ஓர் ஆசிரியர்மேல் இப்படிக் கோபப்பட்டிருக்குமா?

தீவிர இலக்கியத்துக்குப் படம் எதற்கு என்று கேட்பீர்கள். சி.சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய 'எழுத்து' இந்தக் கவர்ச்சி எதையும் நாடாமலே புதுக்கவிதைக்கும் விமரிசனத்துக்கும் இடம் அமைத்தது. அதை வணங்குகிறேன். ஆனால் அது ஏற்கெனவே வாசகரானவருக்கான இதழ். அந்த வாசகர்களில் பலரைப் படிக்கப் பழக்கியவை படம் போட்ட வார இதழ்கள்தாமே! இலவசம் தந்தால்தான் விற்பனை நிலைக்கும் என்ற வாதத்தையும் நான் முழுக்க மறுக்கவில்லை. காகித விலையும் அச்சுக்கூலியும் ஆசிரியர்களை அழுத்துகின்றன. ஆனால் பொருளுக்காக வந்தவர் பொருள் நின்றதும் போய்விடுவார். படத்துக்காக வந்தவரின் கண்ணோ எதிர்ப்பக்கத்துக் கதையின் முதல் வரியில் விழுந்தே தீரும்.

ஆகவே இங்கே இருக்கும் ஆசிரியர்களிடம் உரிமையோடு கேட்கிறேன். இணைப்புகளுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைக் கார்ட்டூனிஸ்டுக்குக் கொடுங்கள். மிஞ்சிய மூலையில் அவர் படத்தைத் திணிக்காமல் முழுப்பக்கம் கொடுங்கள். கதாசிரியர் பெயரோடு அவர் பெயரையும் பொருளடக்கத்தில் அச்சிடுங்கள்.