அறையே அச்சு

போன எபிசோட்ல உலோக வார்ப்பு பேசினோம். இன்னிக்கு பிளாஸ்டர்.

1990-ல் ரேச்சல் வொயிட்ரீட் வடக்கு லண்டனில் ஒரு பழைய வீட்டு அறையை எடுத்துக்கிட்டார். சுவர் முழுக்க பிளாஸ்டர் பூசி, இறுகினதும் பாளம் பாளமா எடுத்து, ஒரு சட்டத்தில் பொருத்தினார். பேரு ‘கோஸ்ட்’. அறைதான் அச்சு, உள்ளே இருந்த காலி இடம்தான் சிற்பம். அதனால கணப்பு அடுப்பின் குழி வெளியே துருத்திட்டு நிற்கும், ஸ்விட்ச் பள்ளமாயிடும். அடுப்புக் கரியைக்கூட பிளாஸ்டர் தானே இழுத்துக்கிட்டது. யாரும் வரையல.

இதைப் படிச்சப்போ எங்க ஆச்சி வீடு இடிக்க ஒரு வாரம்தான் இருந்துச்சு. விளக்கு மாடத்தில் சோப்புத் தண்ணி தடவினேன், கரி படிஞ்ச மேல்பக்கத்தை மட்டும் விட்டுட்டு. முன்னாடி பலகை அடைச்சு பிளாஸ்டரை ஊத்தினேன். இறுகினப்புறம் இழுத்தா, வரல. மாடம் வாயில குறுகல், உள்ளே அகலம். நான் அதைக் கவனிக்கவே இல்லை! சுவரை உடைச்சாத்தான் வரும். எப்படியும் இடிக்கப்போற சுவர்தான், ஆனா உளி வைக்கக் கை வரல.

“உடைடா”ன்னாங்க ஆச்சி.

உடைச்சேன். ஒரு மூலை உளியிலேயே போச்சு. மீதி, வெள்ளைக் கட்டி, உச்சியில கறுப்பு. ஆச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. “என்னடா இது, விளக்கு வைக்க இடமே இல்லையே?”