பச்சைக் களிம்பாகும் காடு

2016-இல் வெளிவந்த டிஜேஐ மாவிக் ப்ரோ போன்ற சிறு ட்ரோன்கள் 4கே காணொளி எடுக்கவல்லவை எனினும், அவற்றின் உணரி, அதாவது ஒளியை மின்குறிப்பாக மாற்றும் சில்லு, முழுச்சட்டகக் கேமராவினுடையதில் ஏறத்தாழ 30-இல் ஒரு பங்கு பரப்பே உடையதாதலால், அந்தி வெளிச்சத்தில் படம் புள்ளிபுள்ளியாகச் சிதைகிறது. அதைவிடப் பெரிய குறை, வாங்குவோர் பலர் கவனியாதது, தரவு வேகத்தில் உள்ளது. மாவிக் ப்ரோ நொடிக்கு அதிகபட்சம் 60 மெகாபிட் தரவையே எழுதுவதால், முந்தைய சட்டகத்திலிருந்து மாறியவற்றையே பெரும்பாலும் சேமிக்கும் சுருக்கமுறை, ஆயிரக்கணக்கான இலைகள் ஒருசேர அசையும் காட்டின்மேல் பறக்கையில் திணறி, நுண்விவரங்களைக் கைவிட்டு, மரங்களைப் பச்சைக் களிம்பாக்கிவிடுகிறது. அசையாத கட்டடமோ அதே தரவு வேகத்தில் தெளிவாகவே நிற்கிறது. உணரி வரிவரியாக வாசிக்கப்படுவதால் சுழலிகளின் அதிர்வில் படம் கூழாக நெளிவதும் உண்டு. அதைக் கிம்பல் எனும் சமநிலைத் தாங்கி பெருமளவு தணித்துவிட்டது.