காரையும் கரணையும் கணிப்பொறியும்

 

மொழிக் கூட்டத்திற்கு வந்து கல்லையும் காரையையும் பற்றிப் பேசுகிறானே, இவனுக்கு என்ன வந்தது என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். எண்ணுங்கள், குற்றமில்லை. மறைமலையடிகளார் தனித்தமிழ்க் கொள்கையைக் கைக்கொண்ட 1916 முதல் நூறாண்டுக்கு மேலாகத் தமிழைக் காப்போம் என்று மேடைதோறும் முழங்கி வருகிறோம். பாட்டிலும் உரையிலும் தமிழ் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். அதற்கு நம் துணைகூட வேண்டா. தமிழ் நம் கண்முன்னே தோற்றுக்கொண்டிருக்கும் இடம் வேறு. அது கட்டடம் எழும் களம். அக்களத்திற்கு அறிவு வழங்கும் ஆய்வுக்கூடம். அங்கே தோற்றால் என்ன கெடும் என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

முதலில் பொருளை விளங்கிக்கொள்வோம். சிமெண்ட் என்று எல்லாரும் வழங்கும் சீமைக்காரை, சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்தில் சுட்டு ஆக்கப்படுவது. சுடும்போது எரிபொருளின் புகை மட்டும் போகவில்லை; கல்லே உடைந்து தன்னுள் அடக்கி வைத்திருந்த கரிவளியைக் கக்குகிறது. வெளியேறும் கரிவளியில் பாதிக்கு மேற்பட்ட பங்கு இவ்வாறு கல்லிலிருந்தே வருவது. ஆகவே உலையைக் கதிரவன் ஆற்றலால் எரித்தாலும் அப்பங்கு குறையாது. மாந்தர் வெளியிடும் கரிவளி முழுமையிலும் 7 முதல் 8 விழுக்காடு இவ்வொரு பொருளால் மட்டும் வருகிறது என்பது உலகறிந்த கணக்கு. வீடு கட்டாமல் இருக்க முடியுமா? முடியாது. அப்படியானால் காரையைக் குறைத்துக் கட்டுவது எப்படி? இவ்வினாவைத்தான் இன்று உலகின் பல்கலைக்கழகங்கள் கணிப்பொறியின் துணைகொண்டு ஆராய்கின்றன.

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிலிப் பிளாக் என்னும் பேராசிரியர் தலைமையில் ஒரு குழு உளது. அவர்கள் எடுத்துக்கொண்ட உண்மை மிக எளியது. கற்காரை அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. தாங்கும் ஆற்றலில் பத்திலொரு பங்களவுதான் இழுப்பிற்கு எதிர்நிற்கும். நாம் தட்டையாகப் போடும் தளத்தில் கீழ்ப்பாதி இழுபடுகிறது. அங்கே கம்பிதான் உழைக்கிறது. கற்காரை பெரும்பாலும் சும்மா கிடந்து தன் சுமையைத் தானே ஏற்றுகிறது. வேலை செய்யாத அக்கற்காரைக்கும் சேர்த்துத்தான் சுண்ணாம்புக் கல்லைச் சுட்டோம்! தளத்தை மெல்லிய வில்வளைவாக்கி, விலாவெலும்பு போன்ற பட்டைகளால் தாங்கவிட்டால், எல்லா இடமும் அழுத்தத்திலேயே நிற்கும். எந்த இடத்தில் எவ்வளவு கனம் வேண்டும் என்பதைக் கணிப்பொறி புள்ளிபுள்ளியாகக் கணக்கிடும். இயல்பான தளத்தைவிட ஏறத்தாழ 70 விழுக்காடு பொருள் குறையும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

அக்குழு, சாகா அதீது கட்டடக்கலை நிறுவனத்தாரோடு கூடி, 2021-இல் வெனிசு நகரில் ஒரு நடைபாலம் அமைத்துக் காட்டியது. நீளம் 16 மீட்டர். பொறியின் மூக்கு வழியாகக் கற்காரைக் குழம்பை அடுக்கடுக்காகப் பிழிந்து வார்த்த 53 உட்குடைவான கட்டிகள். கட்டிக்கும் கட்டிக்கும் நடுவே சாந்து இல்லை. உள்ளே ஒரு கம்பியும் இல்லை. ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நின்றது அவ்வளவே. காட்சி முடிந்ததும் கட்டி கட்டியாகக் கழற்றி எடுத்தார்கள். சாந்து இருந்தால் கழற்ற இயலுமா? இடித்துக் குப்பையாக்கத்தான் இயலும்.

இதைக் கேட்டவுடன் உங்களுள் ஒருவர் எழுந்து, “ஐயா, தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் இது இல்லையா?” என்று கேட்பார். கேட்கத்தான் வேண்டும். 1010-இல் முடிக்கப்பெற்ற அக்கோயிலின் 216 அடி உயரமும் கல் கல்லை அழுத்தி நிற்பதுதான். ஆனால் உண்மையை உண்மையாகச் சொல்லுவோம். நம் கல்தச்சர் கையாண்டது வில்வளைவு அன்று. ஒரு வரிசைக் கல்லைச் சற்றே உள்ளே தள்ளி அதன்மேல் அடுத்த வரிசையை வைத்து ஒடுக்கிக்கொண்டே செல்லும் அடுக்குமுறை. தொங்கும் தொடரியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் அதுவே வளைவுக்குரிய வடிவம் என்று 1675-இல் எழுதி வைத்தவர் இங்கிலாந்தின் இராபர்ட்டு ஊக்கு. சூரிச் குழுவின் கணக்கு அந்த வழியில் வந்தது. எல்லாம் எம்மிடமே இருந்தது என்று மார்தட்டுவதால் நமக்கு ஒரு செங்கல்லும் கூடப் போவதில்லை. நம்மிடம் உண்மையாகவே இருப்பது எது என்று பிறகு சொல்கிறேன்.

இவ்வாய்வு தொலைவில் மட்டும் நடப்பதன்று. சென்னையில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்திலேயே, அங்குப் பயின்ற இளைஞர் தொடங்கிய நிறுவனம் ஒன்று பொறியால் வார்த்த 600 சதுர அடி வீடு 2021-இல் திறக்கப்பட்டது. (அந்நிறுவனத்தின் பெயர் தமிழன்று; அதைப் பற்றி இங்கு நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.) பெங்களூரில் 1,021 சதுர அடியில் இவ்வாறே எழுந்த அஞ்சலகம் 2023 ஆகத்துத் திங்களில் திறக்கப்பட்டது, அதற்கும் சென்னைக் கழகத்து ஆய்வாளர்தாம் அறிவுத்துணை நின்றனர். ஆக, இக்கலை நம் வாயிலுக்கு வந்துவிட்டது.

முப்பரிமாண அச்சு என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. நான் ‘அடுக்குவார்ப்பு’ என்பேன். அடுக்கடுக்காக வார்க்கிறது, வேறென்ன? இதனினும் நல்ல சொல் உங்களிடம் இருந்தால் என் சொல்லை எறிந்துவிட்டு அதைக் கொள்வேன்.

அடுக்குவார்ப்பைக் கண்டு மயங்கவும் வேண்டா. பொறியின் மூக்கில் பெருஞ்சல்லி நுழையாது. சல்லி குறைந்தால் காரை மிகும். எனவே கன அளவுக்குக் கன அளவு பார்த்தால் அக்குழம்பில் சீமைக்காரை கூடுதலே. வடிவத்தால் மிச்சப்படுத்தினால்தான் வெற்றி. பழைய தட்டைச் சுவரையே பொறியால் வார்த்தால் கரிவளி குறையாது, விளம்பரம்தான் கூடும். கம்பியை எப்படி உள்ளே வைப்பது என்பதும் இன்னும் முற்றத் தீராத சிக்கல்.

இனி நம்மிடம் இருப்பது எது என்று பார்ப்போம்.

அடுக்குவார்ப்பில் உயிர்நிலை குழம்பின் பதம். மூக்கிலிருந்து வழுக்கி வரவேண்டும். விழுந்த நொடியில் நிற்கவேண்டும். மேலடுக்கு ஏறினால் பிதுங்கக் கூடாது. மேலடுக்கு வரக் காலந் தாழ்ந்தால் கீழடுக்கு இறுகி இரண்டும் ஒட்டாமற் போகும். இதனை அளக்க ஆய்வுக்கூடங்களில் விலையுயர்ந்த கருவிகள் உள. முனைவர் பட்டங்கள் பல இதன்மேல் எழுதப்பட்டன. நம் கொத்தர் கரணையில் ஒரு வாய் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்து, ‘பதம் போதாது’, ‘கலவை இறுகிவிட்டது’ என்கிறாரே, அவர் சொல்வதும் அதே பொருள்தான். அவரிடம் எண் இல்லை, சொல் இருக்கிறது. ஆய்வாளரிடம் எண் இருக்கிறது. அந்த எண்ணைக் கொத்தரிடம் கொண்டுசேர்க்கும் சொல் இல்லை. கடைக்கால், வானம் தோண்டுதல், சாரம், முட்டு, தூக்குக்குண்டு, மூலைமட்டம், மணியாசுக்கட்டை, கொத்து, பூச்சு என்று நூற்றுக்கணக்கான சொற்கள் களத்தில் இன்னும் உயிரோடு வழங்குகின்றன. பொறியியற் கல்லூரியில் நான்காண்டு பயின்று வெளிவரும் நம் பிள்ளைக்கு இவற்றுள் பத்துச் சொல் தெரியுமா? தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்று எவரும் அவனுக்குச் சொன்னதும் இல்லை.

இதனால் மொழிக்கு இழப்பு, சரி. கட்டடத்திற்கு என்ன இழப்பு என்று கேட்பீர்கள். இங்குத்தான் நான் சொல்ல வந்தது இருக்கிறது.

ஆம்சுடர்டாம் நகரின் கால்வாய் ஒன்றின்மேல், எந்திரக் கைகள் எஃகை உருக்கி அடுக்கி ஆக்கிய 12 மீட்டர் நடைபாலம் 2021 சூலைத் திங்களில் திறக்கப்பட்டது. அதன் உடலெங்கும் உணரிகள் பொருத்தினார்கள். ஒருவர் நடந்தால் எவ்வளவு அதிர்கிறது, வெயிலில் எவ்வளவு விரிகிறது என்பன கணிப்பொறிக்குச் சென்றன. கணிப்பொறிக்குள் அதே பாலத்தின் இணைப்படிமம் ஒன்று இருந்தது. வெளியிலுள்ள பாலம் பட்டதை உள்ளிருக்கும் பாலமும் பட்டது. இப்படி ஒவ்வொரு பாலத்திற்கும் கட்டடத்திற்கும் இணைப்படிமம் ஆக்கி வைத்தால், நோய் முற்றுமுன் கண்டு செப்பம் செய்யலாம்; இடித்துக் கட்டும் தேவை குறையும்; இடித்துக் கட்டாத கட்டடமே கரிவளியை மிகுதியாக மிச்சப்படுத்தும் கட்டடம். நல்ல கருத்து, மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்தப் பாலத்தில் தரவு தந்தவை உணரிகள். உணரிக்கு மொழி இல்லை. நம் நாட்டுக் கட்டடக் களத்தில் கணிப்பொறிக்குத் தரவு தருபவர் மாந்தர். மாந்தர்க்கு மொழி உண்டு!

சென்ற ஆண்டு ஒரு களத்திற்குச் சென்றிருந்தேன். எங்கே, எவருடையது என்பது வேண்டா. தலைமைக் கொத்தர் கையில் ஒரு கைக்கணினி. நாள்தோறும் மாலையில் அதில் பத்து வினாக்களுக்கு விடை அழுத்தவேண்டும். அவ்விடைகள் நேரே தலைமை அலுவலகத்தில் உள்ள கட்டடப் படிமத்தில் சென்று பதியும். வினாக்கள் பத்தும் ஆங்கிலம். அவர் ஒவ்வொன்றிலும் பச்சையை அழுத்திக்கொண்டே சென்றார்.

“கொத்தனாரே, என்ன கேட்டிருக்கிறது என்று தெரியுமா?” என்றேன்.

“தெரியாதுங்க ஐயா. பச்சையை அமுக்குனா அடுத்த பக்கம் வருது. செவப்ப அமுக்குனா போன் வருது” என்றார்.

நான்காவது வினா, தளத்திற்கு இத்தனை நாள் நீர் காட்டியாயிற்றா என்பது. சீமைக்காரை தண்ணீரால் இறுகுவது. குறைந்தது 7 நாள், கலப்புக் காரை என்றால் 10 நாள் நனைந்திருக்க வேண்டும் என்பது இந்திய நாட்டுத் தரவிதி. அந்தத் தளம் மூன்றாம் நாளே காய்ந்து வெளுத்துக் கிடந்ததை நானே கண்டேன். ஆனால் படிமத்தில் பச்சை! இருபதாண்டு கழித்து அத்தளத்தில் வெடிப்புக் கண்டால், அன்றைய பொறியாளர் படிமத்தைத் திறந்து பார்ப்பார். பத்துக்குப் பத்தும் பச்சையாக இருக்கும். எந்தக் கணிப்பொறியாலும் அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்க இயலாது. கொத்தர் பொய்யரா? அல்லர். அவரிடம் எவரும் ஒன்றும் கேட்கவே இல்லை. கேட்டது அவருக்குக் கேட்கவில்லை.

2014 சூன் 28-இல் சென்னை மவுலிவாக்கத்தில் கட்டி முடியாத 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். மொழியால் அது விழுந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் நானும் பொய்ப் பச்சையை அழுத்தியவன் ஆவேன். ஆனால் இடிபாட்டில் கிடந்தவர் எவர் என்று எண்ணிப் பாருங்கள். தமிழர் இருந்தனர், ஆந்திரத்திலிருந்து வந்த தெலுங்கர் இருந்தனர், ஒடியர் இருந்தனர். கட்டடத்தின் அடியில் நிற்பவர்தாம் அதன் நோயை முதலில் காண்பவர். அவருக்குப் புரியும் மொழியில் கேட்டால்தான் அவர் கண்டது வெளிவரும். ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். நம் தோழர் சிலர்க்கு இது உவக்காமலும் போகலாம். தமிழ்க் கொத்தருக்குத் தமிழில் கேள் என்று போராடும் உரிமை நமக்கு இருக்குமானால், ஒடியத் தொழிலாளியை ஒடியத்தில் கேள் என்று சொல்லும் கடனும் நமக்கே உண்டு. தாய்மொழிக் கொள்கை நமக்கு மட்டும் உரியதன்று.

நம் ஆய்வாளர்க்கு நான் பகைவன் அல்லேன். அவர்கள் ஆங்கிலத்தில் உலகுக்கு எழுதட்டும். ஆனால் தமிழ்நாட்டு மண்ணில், மக்கள் தந்த வரிப்பணத்தில், தமிழ்நாட்டுக் கட்டடத்தை ஆராய்ந்து எழுதும் ஒவ்வோர் ஆய்வுக்கும் நாலு பக்கத் தமிழ்ச் சுருக்கம் வேண்டும் என்று கேட்பது பெருங்குற்றமா? களத்திற்கு வரும் கைக்கணினியில் வினாக்கள் தமிழில் இருக்கவேண்டும் என்று அரசு ஓர் ஆணை இட்டால் கட்டடச் செலவு கூடிவிடுமா? மென்பொருளுக்கு எழுத்தை மாற்றுவது ஒருநாள் வேலை. மனம் மாறுவதற்குத்தான் நாள் ஆகிறது.

நம் பக்கமும் குறை உண்டு. அறையில் அமர்ந்து அகரமுதலியைப் புரட்டிச் சொல் ஆக்குகிறோம். களத்திற்குச் சென்று ஒரு கொத்தரைக் கேட்டிருந்தால் அவர் தந்திருக்கும் சொல்லை, நாம் அரைநாள் மண்டையை உடைத்து அதனினும் கடினமாக ஆக்கித் தருகிறோம். பிறகு எவரும் வழங்கவில்லையே என்று வருந்துகிறோம். பொறியியல் பயிலும் தோழர்கள் இவ்விடுமுறையில் ஊர்ஊராகச் சென்று, கொத்தர், தச்சர், கம்பி கட்டுவோர் வழங்கும் சொற்களை அவர்கள் வாய்மொழியாகவே எழுதிக்கொண்டு வாருங்கள். எந்தச் சொல் எந்த ஊரினது என்று குறிக்க மறவாதீர்கள்.

அந்தக் களத்தில் அன்று நான் வேறொன்றும் செய்யவில்லை. பத்து வினாக்களையும் ஒரு தாளில் தமிழில் எழுதி எண்ணிட்டு அவரிடம் தந்து வந்தேன். மறுநாள் மாலை அவர் மூன்று வினாக்களுக்குச் சிவப்பை அழுத்தினாராம். அலுவலகத்திலிருந்து உடனே பேசி வந்திருக்கிறது. அடுத்த நாள் காலை தளத்தின்மேல் சாக்கு விரித்துத் தண்ணீர் விட்டார்கள்.