பலகையின் வலது ஓரம்



பேராசிரியப் பெருமக்களே, ஆய்வு மாணவர்களே, அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஐயம்பேட்டை நெசவாளர் குடும்பத்தாரே,

சமூகச் சிக்கல்களைக் கண்டறிவதும் தலையீடுகளைத் திட்டமிடுவதும் பற்றிப் பேசச் சென்னையில் குளிரூட்டிய அரங்கு எளிதாகக் கிடைத்திருக்கும். அமைப்பாளர்கள் பிடிவாதமாக நம்மை இந்தக் காஞ்சிபுரத்து நெசவுப் பகுதியிலேயே கூட்டியிருக்கிறார்கள். நல்ல பிடிவாதம். தலைமை தாங்குகிறவர் தலைப்பைப் புகழ்ந்துவிட்டு உட்காருவதுதான் வழக்கம். நான் என் பழைய தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

1990களின் கடைசியில், கையில் வினாப்படிவத்தோடு காஞ்சிபுரத்து நெசவுத் தெருக்களில் அலைந்துகொண்டிருந்தேன். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத வீடுகள்தான் என் இலக்கு. ஒரு வீட்டில் அந்த அம்மா தார் சுற்றிக்கொண்டே சொன்னார்: "படிச்சு என்ன சார் பண்ணப் போறான்? தறியில ஒக்காந்தா தொழிலாவது கையில நிக்கும்." நான் படிவத்தில் 'கல்வியில் ஆர்வமின்மை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அன்று அந்தக் கட்டத்தில் விழுந்த டிக்குகள் நிறைய. மூன்றாம் முறை போனபோதுதான் பரண் விளிம்பில் ஒரு சிலேட்டு செருகியிருந்ததைப் பார்த்தேன். "ரெண்டாங்கிளாசு வரைக்கும் நான்தான் கொண்டுபோய் விட்டேன். அட்வான்ஸ் வாங்கினதுக்கு அப்புறம் எங்க அனுப்பறது?" என்றார். ஆர்வமில்லாத தாய் சிலேட்டை எடுத்து வைக்கமாட்டாள். என் கட்டம்தான் தப்பு.

இந்த இடத்தில் நம் நாட்டு ஆய்வு ஒன்றைச் சொல்ல வேண்டும். 1934 ஜனவரியில் பீகாரைப் பெரும் பூகம்பம் உலுக்கியது. அப்போது பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் சேகரித்தார். வீடு இடிந்து விழாமல், அதிர்ச்சி மட்டும் உணரப்பட்ட ஊர்களில், இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்ற வதந்தி ஓடியது. பல ஆண்டு கழித்து அமெரிக்காவில் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் இதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்: தப்பித்தவர்கள் ஏன் தங்களைத் தாங்களே பயமுறுத்திக்கொள்ள வேண்டும்? ஏற்கெனவே மனதில் உட்கார்ந்துவிட்ட பயத்துக்குக் காரணம் தேடித்தான் அந்த வதந்திகள் பிறந்தன என்பது அவர் எடுத்த முடிவு. 1957இல் வெளிவந்த அவருடைய அறிதல் முரண்பாட்டுக் கோட்பாட்டுக்கு அது ஒரு தூண்டுகோல். பாடப்புத்தகத்தில் ஃபெஸ்டிங்கர் இருக்கிறார். பிரசாத்தை நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நான் கேட்கப்போவதில்லை.

அந்த அம்மா சொன்னதும் அந்த வகைதான். முதலில் முன்பணம், பிறகு பிள்ளை தறியில், அதற்கும் பிறகுதான் 'படிச்சு என்ன பண்ணப் போறான்' என்ற ஆறுதல். கடைசியில் வந்ததை நான் முதல் காரணம் என்று எழுதிக்கொண்டேன். அந்தப் பேச்சைக் காரணமென்று நம்பியவர்கள்தான் பேரணி நடத்தினார்கள், தட்டி பிடித்தார்கள், கல்வியின் பெருமையைப் பாட்டாகப் பாடினார்கள்.

சிறுவர்கள் ஏன் தேவைப்பட்டார்கள் என்பதற்குத் தறியே பதில் சொல்லும். கோர்வைச் சேலைக்கு உடல் ஒரு நிறம், இரு கரையும் வேறு நிறம். உடலுக்கு ஊடை நூலை ஓட்டும் நாடா ஒன்று, கரைக்கு ஒன்றாக இரண்டு, ஆக மூன்று நாடா. நெய்கிறவருக்கு இருப்பதோ இரண்டு கை. வலக்கரை நாடாவை வாங்கித் திருப்பித் தள்ள, பலகையின் வலது ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்தே தீர வேண்டும், ஒவ்வோர் ஊடைக்கும். அந்த ஓரம் பல காலம் பிள்ளைகளுடையதாக இருந்தது. வீட்டில் பிள்ளை இல்லையென்றால் பக்கத்துத் தெருப் பிள்ளை. அவனைப் பெற்றவர்களுக்குத் தறிக்காரர் முன்பணம் கொடுப்பார். தறிக்காரரே முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தில் கட்டுண்டு கிடப்பார். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது, குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. அதற்குப் பிறகும் 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் இடம்பெற்றது. அந்த அறிக்கைக்குத் தலைப்பு 'ஸ்மால் சேஞ்ச்'. சில்லறைக் காசு என்றும் பொருள், சின்ன மாற்றம் என்றும் பொருள்.

அதிகாரிகளின் மனத்தையும் யாராவது ஆராய வேண்டாமா? அமெரிக்க அரசியலறிஞர் மைரன் வீனர் ஆராய்ந்தார். 1991இல் வந்த அவருடைய நூல், இந்தியாவில் கட்டாயக் கல்வி வராததற்கு வறுமையைவிட, ஏழை வீட்டுப் பிள்ளை கைவேலை செய்வது இயல்புதான் என்று படித்த வர்க்கம் உள்ளூர நினைத்ததே பெரிய தடை என்று வாதிட்டது. முழுவதையும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். 1956லேயே மதிய உணவு போட்ட மாநிலத்துக்காரன் நான். ஆனாலும் என் வினாப்படிவத்தில் அதிகாரிகளுக்கென்று ஒரு கேள்விகூட இருக்கவில்லை என்பது வீனரின் நூலைப் படித்தபோது உறுத்தியது.

தலையீட்டுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இறைச்சித் தட்டுப்பாடு வந்தபோது, ஈரல், இருதயம் போன்றவற்றையும் சமைக்க வைக்க வேண்டுமென்று அமெரிக்காவில் கர்ட் லெவின் என்ற உளவியலாளர் சோதனை செய்தார். சொற்பொழிவு கேட்ட பெண்களில் 3 விழுக்காட்டினரே சமைத்தார்கள். கூடிப் பேசித் தாங்களே முடிவெடுத்த குழுக்களில் 32 விழுக்காடு. நம் பேரணிகள் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. இன்றைய தெலங்கானாவின் ரங்காரெட்டி மாவட்டத்தில் சாந்தா சின்ஹாவின் தொண்டு நிறுவனமான எம்.வி. ஃபவுண்டேஷன், பள்ளியில் இல்லாத பிள்ளை எல்லாமே தொழிலாளிதான் என்று ஒரே வரியில் இலக்கணம் வகுத்தது. அதை ஊரே கூடி ஏற்கும்படி செய்தது, நடுவில் படிப்பை விட்டவர்களுக்கு இணைப்பு முகாம் நடத்தியது. எந்தப் பெற்றோரையும் ஆர்வமில்லாதவர் என்று தள்ளிவைக்கவில்லை.

காஞ்சிபுரத்திலும் தறியடியில் இருந்த பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். சட்டம், சிறப்புப் பள்ளிகள், ஆய்வாளர் சோதனை, மதிய உணவு, பெற்றோரின் ஆசை எல்லாம் சேர்ந்து சாதித்தன. வெற்றி என்று எழுதிக் கோப்பை மூடினோம். நாடா மட்டும் மூன்றாகவே இருந்தது. அண்மையில் நான் மறுபடி போன வீடுகளில், பிள்ளை எழுந்த வலது ஓரத்தில் மனைவி உட்கார்ந்திருந்தார். விடியலில் உலை வைத்துவிட்டு வந்து உட்காருகிறார், குக்கர் விசிலுக்கு எழுந்து போகிறார், திரும்பி வருகிறார். கூலி சேலைக்குத்தான், சேலை அறுத்த பிறகுதான், அதுவும் கணவர் பெயரில்தான். தோள்வலி பற்றிக் கேட்டேன். "அது கூடவே இருக்கும்" என்று சொல்லிவிட்டு நாடாவைத் தள்ளினார். நம் வெற்றி அறிக்கைகளில் இவருக்கு ஒரு பத்தியும் இல்லை.

சிக்கலைக் கண்டறிய பூங்க், வான் வுக்ட் என்ற டச்சு உளவியலாளர்கள் தரும் வழிமுறையில், எது சிக்கல், ஏன் சிக்கல் என்பவற்றோடு, யாருக்குச் சிக்கல் என்ற கேள்வியும் தொடக்கத்திலேயே வருகிறது. மாணவர்கள் அதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். இந்தக் கருத்தரங்குக்கு வந்த கட்டுரைகளில் கணிசமானவை, இளைஞர்கள் தறிக்கு வராததைச் சிக்கல் என்கின்றன. தேசியக் கணக்கெடுப்புகளின்படி 1995-96இல் சுமார் 65 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர் எண்ணிக்கை, 2019-20இல் 35 லட்சமாகச் சுருங்கியது உண்மை. ஆனால் நேற்று பிள்ளை தறியில் இருப்பதைச் சிக்கல் என்றவர்களும் நாம்தான். இன்று அவன் வராததைச் சிக்கல் என்பவர்களும் நாம்தான். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸுக்கு விடியலில் நிற்கும் பையனுக்கு இது சிக்கலே இல்லை. கடைக்காரருக்குச் சிக்கல், பாரம்பரியம் பேசுகிறவருக்குச் சிக்கல். வயதான நெசவாளருக்கு வேறொரு சிக்கல்: தறிக்காரனுக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள் என்பது ஊரறிந்த பேச்சு. அந்தப் பேச்சுக்குப் பயிற்சி உதவித்தொகை என்ன செய்யும்? கட்டுரைகளில் 'தொழில் ஈடுபாடு குறைவு' என்ற சொற்றொடரைப் பார்த்தபோது என் பழைய டிக் ஞாபகம் வந்தது.

ஆகவே தலைவர் என்ற முறையில் நிகழ்ச்சி நிரலில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். கட்டுரை வாசிப்பு பிற்பகலுக்குப் போகிறது. காலையில் மூவர் மூவராகப் பிரிந்து, ஒப்புதல் தந்திருக்கும் வீடுகளுக்குப் போகிறோம். வினாப்படிவம் வேண்டாம். வலது ஓரத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார், எத்தனை முறை எழுந்து போகிறார், ஆள் இல்லையென்றால் தறி என்ன ஆகிறது, இவ்வளவு மட்டும் பார்த்து வாருங்கள். அவர்கள் கேள்வி கேட்டால் நீங்கள் பதில் சொல்லுங்கள். செருப்பைத் திண்ணைக்குக் கீழேயே விட்டுவிடுங்கள். வெளிச்சத்திலிருந்து உள்ளே நுழைந்ததும் கண் தெரியாது; தறிக்குழி இருக்கும், பார்த்துக் கால் வையுங்கள்.