காதலா, காவலா?



ஸ்டெஃபனி மேயரின் 'டுவைலைட்' நாவல் 2005இல் அமெரிக்காவில் வெளிவந்தது. 17 வயது மாணவி பெல்லா தூங்கும்போது, இரத்தக்காட்டேரியான எட்வர்ட் அவளுக்குத் தெரியாமல் அறைக்குள் வந்து பார்த்துக்கொண்டிருப்பான். தெரிந்தபின் அவள் பயப்படவில்லை. தூக்கத்தில் என்ன உளறினோமோ என்று வெட்கப்படுகிறாள்.

2007இல் வந்த 'எக்லிப்ஸ்' நாவலில், நண்பன் ஜேக்கப்பைப் பார்க்கக் கிளம்பினால் வண்டி நகராது. இஞ்சின் பாகத்தை எட்வர்ட் கழற்றிவிட்டான். எல்லாம் அவள் பாதுகாப்புக்காம்! கோபத்தில் அவன் வரும் சன்னலைச் சாத்துகிறாள். சற்று நேரத்தில் அவளே திறக்கிறாள். (பின்னால் அவன் விட்டுக்கொடுப்பது உண்மை. ஆனால் அனுமதி கொடுப்பவன் அப்போதும் அவன்தானே?)

கதையில் அவன் நல்லவன் என்று எழுதியவருக்குத் தெரியும். கைப்பேசியைப் பிடுங்கி, "யாரோடு பேசினாய்?" என்று கேட்கும் நிஜக் காதலனுக்கு யார் உத்தரவாதம்? பயமுறுத்தும் வகையில் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது மலேசியாவில் 2023 முதல் குற்றம்; மூன்றாண்டு வரை சிறை கிடைக்கலாம்.

மகள் கையில் இந்த நாவலைக் கண்டால் பெற்றோர் பிடுங்க வேண்டாம். பிடுங்குவதும் அதே காவல்தான். சேர்ந்து படியுங்கள். வண்டி நகராத பக்கம் வந்ததும், "நீயாக இருந்தால் சன்னலைத் திறப்பாயாம்மா?" என்று கேட்டுப் பாருங்கள்.