மேகத்துக்கு ஒரு தனிப்பாதை

மும்பை, புனே, ஹைதராபாத் முதலிய நகரங்களில் பணிபுரியும் நம்மவர் பலருக்கு ‘கிளவுட்’ என்னும் சொல் அன்றாட வழக்காகிவிட்டது. பெயரளவில் மேகமாயினும், பிறர் கட்டிக் காக்கும் பெரிய கணினிக் கூடங்களை வாடகைக்கு எடுத்துக்கொள்வதே அதன் பொருள். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015-இல் புனே, மும்பை, சென்னை நகரங்களிலும், அமேசான் 2016-இல் மும்பையிலும், 2022-இல் ஹைதராபாத்திலும் இத்தகைய கூடங்களைத் திறந்தன.

ஓர் அலுவலகம் தன் கணக்குகளை அங்கே வைத்துவிட்டால், அவற்றை அடைய எவ்வழியில் செல்வது? இணையம் யாவருக்கும் பொதுவான நெடுஞ்சாலை. அதிலிருந்து காத்துக்கொள்ள இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது வி.பி.என். பொதுச் சாலையிலேயே, செய்தியைச் சங்கேதமாக்கி, முத்திரையிட்ட உறைக்குள் அனுப்பும் முறை இது. செலவு குறைவு; விரைவில் அமைத்துவிடலாம். ஆனால் சாலையில் நெரிசல் மிகுந்தால் வேகம் குன்றும்.

இரண்டாவது தனித் தடம். அமேசான் 2011-இல் ‘டைரக்ட் கனெக்ட்’ என்றும், மைக்ரோசாஃப்ட் 2014-இல் ‘எக்ஸ்பிரஸ் ரூட்’ என்றும் இதனை வழங்கத் தொடங்கின. தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் தனிக் கம்பியை வாடகைக்குப் பெற்று, குறிப்பிட்ட இணைப்பு நிலையத்தில் கிளவுட் நிறுவனத்தின் கருவியோடு சேர்க்கவேண்டும். வாரக்கணக்கில் காலம் பிடிக்கும், செலவும் அதிகம். ஆயினும் வேகம் சீராக இருக்கும்.

இங்கே மூன்று செய்திகளைக் கருதவேண்டும். ‘பிரைவேட்’ என்ற ஆங்கிலச் சொல் தனிமையையும் குறிக்கும், மறைவையும் குறிக்கும். தமிழில் இவை இரு சொற்கள். தனித் தடம் தனியானதே அன்றி மறைவானதன்று; அதில் செல்லும் செய்தி தானாகச் சங்கேதமாக்கப்படுவதில்லை. நோயாளிகளின் குறிப்புகளை அனுப்பும் மருத்துவமனை, தனித் தடத்தின் மேலும் சங்கேத முறையைக் கையாளுதல் அவசியம்.

அடுத்தது முகவரி. 10 அல்லது 192.168 என்று தொடங்கும் உள் முகவரிகளை எந்த அலுவலகமும் பயன்படுத்தலாம். அலுவலகத்திலும் கிளவுடிலும் ஒரே எண் வரிசை அமைந்துவிட்டால், ஒரே தெருவில் இரு வீடுகளுக்கு ஒரே கதவிலக்கம் இட்டது போலாகும்; செய்தி உரிய இடத்தைச் சேராது. பாதை அமைக்குமுன்பே எண்களைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது மாற்று வழி. இரண்டு கம்பிகள் வாங்கியிருந்தாலும், இரண்டும் ஒரே பள்ளத்தில் சென்றால் சாலை தோண்டுவோரின் கடப்பாரை இரண்டையும் ஒருங்கே துண்டித்துவிடும். ஆதலின் வேறு திசையில் இன்னொரு தடமோ, வி.பி.என். இணைப்போ இருக்கவேண்டும். ‘பி.ஜி.பி.’ என்னும் வழிகாட்டு முறையைச் சரிவர அமைத்திருந்தால், ஒரு தடம் அறும்போது போக்குவரத்து மற்றதற்குத் தானே மாறிவிடும். மாறுகிறதா என்பதை விடுமுறை நாளொன்றில் இணைப்பைத் துண்டித்துச் சோதித்துப் பார்ப்பது நலம்.

உங்கள் அலுவலகத்தில் இத்திட்டம் ஆராயப்படும்போது, விலையைக் கேட்பதோடு நில்லாமல் இம்மூன்று வினாக்களையும் எழுப்புங்கள். கையெழுத்திடுமுன் கேட்டால் திருத்திக்கொள்வது எளிது. பின்னர் கேட்டாலோ, மருத்துவமனையாயின் நோயாளியும், வங்கியாயின் பணம் போட்டவரும் அன்றோ அல்லற்பட நேரும்?