பொழுது சாய வந்த அக்கா
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கொண்டாட்ட நாளில் சாவைப் பற்றிப் பேச வந்திருக்கானே என்று கோபிக்க வேண்டாம். ஐந்து நிமிஷம்தான்.

திருவேங்கடத்தில் எங்கள் பெரியம்மாவுக்கு வாயில் புற்றுநோய். "இனிமே வீட்டுல வச்சுப் பாத்துக்கோங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எப்படிப் பார்ப்பது என்று சொல்லவில்லை. புண்ணின் நாற்றத்துக்குப் பயந்து சொந்தக்காரர்கள் வாசலோடு திரும்பினார்கள். தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து வரும் பக்கத்து வீட்டு அக்கா மட்டும் தினமும் வந்து தலை சீவி விடுவார். "அவ வந்துட்டாளா?" என்று பெரியம்மா பொழுது சாயும்போதே கேட்க ஆரம்பித்துவிடும்.

டாக்டர் சொற்படி மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினால் அந்த நாற்றம் அடங்கும் என்பதும், மார்ஃபின் மாத்திரையை நான்கு மணிக்கொரு தரம் கொடுத்தால் வலி பெரும்பாலும் கட்டுப்படும் என்பதும் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மார்ஃபின் கிடைப்பதே அரிதாக இருந்தது. 2014-ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள்.

செங்கோட்டை தாண்டினால் கேரளம். அங்கே 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் வலி நிவாரணத்துக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிறகு மலப்புரத்தில் ஊர்க்காரர்களே வேலையைக் கையில் எடுத்தார்கள். வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் போதும், சேரலாம். 16 மணி நேர வகுப்பு, நான்கு நாள் நோயாளிகளிடம் பயிற்சி. குளிப்பாட்டுவது, வாய் துடைப்பது, அந்த வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பார்ப்பது, சும்மா உட்கார்ந்து பேசுவது, எல்லாம் இவர்கள் வேலை. 2008-ல் கேரள அரசு இதற்கென்று கொள்கையே வகுத்தது.

நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. படுக்கையில் கிடப்பவர் வீட்டுக்கே நர்ஸ் வருவது பெரிய காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தம்மா அடுத்த ஊருக்கும் போயாக வேண்டுமே! நடுவில் வரும் நாட்களுக்கு யார்? ஊசி போடத் தெரிய வேண்டாம் தம்பிகளா. சீப்பு பிடிக்கத் தெரிந்தால் போதும்.

சங்கத்திடம் வண்டிச் செலவுக்குப் பணம் கேட்டிருக்கிறேன், கிடைத்துவிடும். எனக்கு வேண்டியது ஆள். திருவேங்கடம், சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளைகள் பந்தி முடிந்ததும் வேப்பமரத்தடிக்கு வாங்க, நோட்டோடு உட்கார்ந்திருப்பேன்.